ஹோர்ன் அடிக்காத கார்: கடுகண்ணாவை மலைப்பாதையின் சத்த வரலாறு

மாமாவின் கார் என்னைவிட வயதில் மூத்தது. எண்பதுகளில் ஜப்பானில் செய்யப்பட்ட சின்னக் கார். அதன் ஸ்டியரிங் வளையம் வெயிலில் வெடித்துப்போய், பிடித்தால் உள்ளங்கையில் மை மாதிரிக் கறுப்பாக ஒட்டும். போன விடுமுறையில் மாமா ஒரு பழைய பார்ட்ஸ் கடையில் சின்னதாக ஒரு ஸ்போர்ட்ஸ் ஸ்டியரிங் வாங்கி வந்து, வீடியோ பார்த்துத் தானே மாற்றிவிட்டார். பார்க்க நல்லாத்தான் இருந்தது. ஹோர்ன் மட்டும் அடிக்கவில்லை.

"மாவனெல்லைக்குத்தானே போறோம், ஒரு நாளைக்கு ஹோர்ன் இல்லாட்டி என்ன" என்று மாமா சொன்னார். நானும் ஏறிவிட்டேன்.

கடுகண்ணாவை நகரிலிருந்து மாவனெல்லைப் பக்கம் இறங்கும் பாதை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் பள்ளம், நடுவில் கொழும்பு-கண்டி வீதி. வளைவுக்கு வளைவு லொறியும் பஸ்ஸும் வரும். அப்படி ஒரு வளைவில் ஒரு பெரியவர் தோளில் விறகுக் கட்டோடு, எங்களுக்கு முதுகைக் காட்டி, வீதியின் ஓரத்தில் நடந்துகொண்டிருந்தார். எதிரில் பஸ். மாமா ஸ்டியரிங்கின் நடுவை அமத்துகிறார், அமத்துகிறார், ஒரு சத்தமும் இல்லை. பிரேக்கைப் போட்டு, பெரியவருக்கு ஒரு முழம் பின்னால் கார் நின்றது. அவர் திரும்பிப் பார்த்துத் திட்டினார். "ஹோர்ன் அடிச்சா ஒதுங்க மாட்டேனா?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. அவர் "மெதுவா வரத் தெரியாதா" என்று கேட்கவில்லை. "நான் நடக்க இடம் எங்கே" என்றும் கேட்கவில்லை. கார் சத்தம் போடும், நான் ஒதுங்குவேன் என்ற ஒரு ஒப்பந்தத்தைத்தான் நினைவுபடுத்தினார். யார் எழுதின ஒப்பந்தம் அது? எப்போது எழுதினது? வரலாறு படிக்கிற பிள்ளைக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் விடுவாளா?

முதலில் கராஜுக்குப் போவோம். மறுநாள் காலை ஒரு வயரிங் பாஸிடம் காரைக் கொண்டுபோனோம். சிங்களவர், அறுபது வயது இருக்கும். ஸ்டியரிங்கைப் பார்த்ததும் சிரித்தார். நான் பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பதைக் கண்டு, "நங்கி, மேக அல்லன்ன" என்று டெஸ்ட் லைட்டை என் கையில் தந்துவிட்டார். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது நல்லதொரு விரிவுரை.

ஹோர்ன் வேலைசெய்யும் விதம் இதுதான். பற்றரியிலிருந்து பியூஸ் வழியாகக் கரண்ட் வருகிறது. ரிலே என்ற சின்னப் பெட்டி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்டியரிங்கில் நாம் அமத்தும் பட்டன் ஹோர்னுக்கு நேரே கரண்ட் அனுப்புவதில்லை. ரிலேயிலிருந்து வரும் ஒரு மெல்லிய வயரை அது காரின் உடம்போடு, அதாவது எர்த்தோடு, தொடவைக்கிறது. தொட்டதும் ரிலே 'டிக்' என்று மூடும். ஹோர்னுக்குள் ஒரு மின்காந்தம் இரும்புத் தகட்டை இழுக்கும். இழுத்த வேகத்தில் உள்ளே ஒரு தொடுப்பு விலகும், கரண்ட் அறும், தகடு திரும்பிவரும், மறுபடி தொடும். இது ஒரு செக்கனுக்கு நானூறு தடவை அளவில் நடந்தால் நமக்குக் கேட்பதுதான் 'பீப்'. ரிலே இல்லாத பழைய கார்களில் ஹோர்னின் முழுக் கரண்டும் அந்தப் பட்டன் வழியாகத்தான் போகும். அதனால் பட்டன் சீக்கிரம் கருகும்.

பாஸ் ஒழுங்காகத் தேடினார். முதலில் பியூஸ். பல ஜப்பான் கார்களில் ஹோர்னுக்கும் பிரேக் லைட்டுக்கும் அல்லது ஹசார்ட் லைட்டுக்கும் ஒரே பியூஸ்தான். ஆகவே பின்னால் போய் அந்த லைட்டுகள் எரிகிறதா என்று பார்த்தார். எரிந்தது. அடுத்து பற்றரியிலிருந்து நேரே ஒரு வயரை இழுத்து ஹோர்னைத் தொட்டார். காது கிழிந்தது. அப்படியென்றால் ஹோர்னில் பிழை இல்லை. பிறகு ஸ்டியரிங்கின் நடு மூடியைக் கழற்றி, கீழிருந்து வரும் அந்த மெல்லிய வயரை ஸ்டியரிங் தண்டின் நட்டில் தொட்டார். மறுபடியும் ஹோர்ன். மாமாவின் முகத்தைப் பார்க்கணும்! ஆக பற்றரியிலிருந்து ஸ்டியரிங் தண்டு வரைக்கும் எல்லாம் சரி. பிழை மிச்சம் இருக்கிற நாலு அங்குலத்துக்குள்தான்.

அந்த நாலு அங்குலத்துக்குப் பின்னால் இருநூறு வருஷம் இருக்கிறது.

வழிவிடச் சொல்லும் சத்தம் எங்களுக்குப் புதிதில்லை. அரசன் வருமுன் கட்டியக்காரன் வந்து 'பராக்' சொல்லுவான். கூத்திலும் கட்டியக்காரன் முதலில் வந்து சபையை ஒதுக்கிவிட்டுத்தான் ராஜா வருவார். கண்டி பெரஹராவில் இன்றைக்கும் முன்னால் வருகிறவர்கள் சாட்டை அடிக்கிறவர்கள். அந்த 'படார்' சத்தம் கேட்டால் கூட்டம் தானாக ஒதுங்கும். பெரியவருக்கு ஆள் வைத்துச் சத்தம் போடுவது, சின்னவர் ஒதுங்குவது என்ற ஏற்பாடு மலைநாட்டில் கார் வருவதற்கு முன்பே நன்றாகப் பழகியிருந்தது.

கடுகண்ணாவை என்ற பெயருக்குச் சிங்களத்தில் ஒரு ஊர்க்கதை உண்டு. 'கடு' என்றால் வாள். கண்டி ராச்சியத்துக்குள் நுழைகிறவர்களின் வாளை வாங்கிவைத்த இடம் என்கிறார்கள். இன்னொரு கதை இன்னும் பிரபலம். இந்த மலைப் பாறையைத் துளைத்து வழி செய்கிறவன்தான் கண்டியை ஆளுவான் என்று ஒரு வாக்கு இருந்ததாம். 1815 இல் கண்டியை எடுத்த வெள்ளைக்காரர்கள் பிறகு வீதி போடும்போது பாறையைத் துளைத்தே போனார்கள். கதையை நம்பியா, பாறையைச் சுற்றிப்போக இடமில்லாமலா என்பது வேறு விஷயம். அந்தத் துளை இன்றும் இருக்கிறது. பெரிய வாகனங்களுக்கு அது போதாது என்று பக்கத்தாலே வீதியை அகலித்துவிட்டார்கள். இப்போது அது படம் எடுக்கும் இடம்.

வீதி வேலை 1820 இல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் தொடங்கியது. பொறியியலாளர் கப்டன் டோசன். அவர் 1829 இல் இறந்துபோக, 1832 இல் அவருக்காக ஒரு கோபுரம் கட்டினார்கள். கடுகண்ணாவையில் பஸ்ஸிலிருந்து பார்த்தால் வெள்ளையாகத் தெரியுமே, அதுதான். ஆனால் பாறையை உடைத்தவர்கள் யார்? பார்ன்ஸ் தன் வீதிகளுக்கு இராஜகாரிய முறையைத்தான் பெரிதும் பயன்படுத்தினார். நிலத்துக்குப் பதிலாக அரசனுக்கு உழைக்கவேண்டிய பழைய கடமை அது. அரசன் போனான், கடமை மட்டும் வெள்ளைக்காரனுக்கு மாறியது. கிராமத்து ஆட்கள் கூலியில்லாமல் வந்து கல் உடைத்தார்கள். கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசில் அந்த முறை ஒழிக்கப்பட்டதும் 1832 இல்தான். கொழும்புக்கும் கண்டிக்கும் இடையில் குதிரை அஞ்சல் வண்டி ஓடத் தொடங்கியதும் அதே 1832. கோபுரமும், கட்டாய வேலையின் முடிவும், வேக வண்டியின் தொடக்கமும் ஒரே வருஷத்தில்! இதைப் பாடத்தில் தனித்தனியாகத்தான் படித்தேன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் சொல்லித்தரவில்லை.

குதிரை அஞ்சல் வண்டி என்றால் இங்கிலாந்தில் 1784 இலிருந்தே ஒரு ஒழுங்கு இருந்தது. பின்னால் நிற்கும் காவலாளி நீண்ட கொம்பு ஒன்றை ஊதுவான். சுங்கச் சாவடிக்காரன் கதவைத் திறந்து வைக்கவேண்டும், அஞ்சல் வண்டிக்குச் சுங்கம் இல்லை. வீதியில் மற்ற வண்டிகள் விலகவேண்டும். ஐரோப்பாவில் பல நாடுகளின் தபால் சின்னத்தில் இன்றும் அந்தக் கொம்பு இருக்கிறது. 'ஹோர்ன்' என்ற சொல்லே கொம்புதானே. அரசாங்கத்தின் கடிதம் வருகிறது, ஒதுங்கு. கார் ஹோர்னுக்கு ஒரு தாத்தா தேடினால் அவர் இவர்தான் என்று நினைக்கிறேன்.

இந்த வீதியில் பிறகு கோப்பி மூட்டைகளோடு மாட்டு வண்டிகள் இறங்கின. மாட்டுக்குக் கழுத்து மணி, அதுவும் ஒரு ஹோர்ன்தான், ஆனால் யாரையும் விரட்டாத ஹோர்ன். கோப்பிக்காகவே ரயில் பாதை போட்டார்கள். 1864 டிசம்பரில் அம்பேபுஸ்ஸ வரை வந்த ரயில் 1867 இல் கண்டியைத் தொட்டது. கடுகண்ணாவை ஏற்றத்தில் 45 அடிக்கு ஒரு அடி என்ற கணக்கில் மேலே ஏறவேண்டும். கடுகண்ணாவை ஸ்டேஷனில் 2014 இல் திறந்த ரயில் நூதனசாலைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். 1914 இல் தலைமன்னார் பாதை திறந்த பிறகு, மண்டபத்திலிருந்து கடல் கடந்த எங்கள் ஆட்கள் பலர் மலைக்கு ஏறியதும் இந்த ஏற்றத்தால்தான். அதற்கு முன் வந்தவர்களில் பெரும்பாலோர் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்தவர்கள். எங்கள் வரலாற்றில் நடை என்பது பொழுதுபோக்கு இல்லை.

இனி கார். பிரித்தானியாவில் 1865 இல் ஒரு சட்டம் வந்தது. தானாக ஓடும் வண்டிக்கு முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடியோடு நடக்கவேண்டும். நாங்கள் இதைச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் யோசித்தால், அந்தச் சட்டத்தில் வண்டிதான் மனிதனின் நடைக்குக் கட்டுப்பட்டது. 1896 இல் வந்த புதிய சட்டம் சின்ன மோட்டார் வண்டிகளை அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. பதிலாக, வண்டி வருவதை அறிவிக்க ஒரு மணியோ வேறு ஏதும் கருவியோ இருக்கவேண்டும் என்றது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். முன்னால் நடந்த ஆளை எடுத்துவிட்டு அவனுடைய வேலையை ஒரு சத்தத்துக்குக் கொடுத்தார்கள். அந்த ஆள் நடந்தபோது வண்டி மெதுவாக வந்தது. சத்தம் நடக்காதே! வண்டி வேகமாக வரலாம், ஒதுங்குகிற பொறுப்பு கேட்கிறவனுடையது.

முதலில் வந்தது ரப்பர் குமிழ் ஹோர்ன், பழைய படங்களில் 'பாங்க் பாங்க்' என்று அமத்துவார்களே அது. 1908 இல் அமெரிக்காவில் 'கிளாக்ஸன்' வந்தது. மில்லர் ரீஸ் ஹட்சிசன் கண்டுபிடித்தது. பல் சக்கரம் ஒன்று சுழன்று தகட்டில் உரசி 'அஊகா' என்று அலறும். கிரேக்கத்தில் அலறு என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். இதே மனிதர் காது கேளாதவர்களுக்கான மின் கருவியும் செய்தவர். செவிட்டுக் கருவி விற்பதற்காகத்தான் ஊரையே செவிடாக்குகிறார் என்று அவரைக் கேலி செய்தார்களாம். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் நச்சுவாயு வருகிறது என்று எச்சரிக்க இந்தக் கிளாக்ஸனைத்தான் அடித்தார்கள். 1921 இல் பொஷ் கொம்பனியின் மின் ஹோர்ன் வந்தது. இன்றைய கார்களில் கேட்கும் சத்தத்துக்கு அது நெருங்கிய சொந்தம்.

குமிழ் ஹோர்ன் காரின் வெளிப்பக்கத்தில் இருந்தது. அடிக்க ஒரு கையை எடுக்கவேண்டும். கடுகண்ணாவை மாதிரி வளைவில் இரண்டு கையும் வளையத்தில் வேண்டும், ஹோர்ன் அடிக்கவேண்டியதும் அதே கணத்தில்தான். அதனால் பட்டன் ஸ்டியரிங்கின் நடுவுக்கு வந்தது. நல்ல யோசனை. ஆனால் ஸ்டியரிங் சுழலும், வயர் சுழன்றால் முறுகி அறும். ஆகவே ஒரு பித்தளை வளையம், அதன்மேல் உரசிக்கொண்டே இருக்கும் ஒரு ஸ்பிரிங் முனை. வளையம் சுற்றினாலும் தொடுப்பு விடாது. த்ரீவீலில் பட்டன் ஹேண்டிலில் இருப்பதால் இந்தத் தலையிடி ஒன்றும் இல்லை.

மாமாவின் நாலு அங்குலம் இதுதான். பழைய ஸ்டியரிங்கின் உள்ளே இரும்புச் சட்டம், அது தண்டோடு நேரே இறுகியிருந்ததால் எர்த் தானாகவே கிடைத்தது. பட்டனுக்கு ஒரு வயர் போதும். புதிய ஸ்டியரிங்கோடு வந்த பட்டனுக்குப் பின்னால் இரண்டு முனை. மாமா ஒன்றில் வயரைக் கொழுவி, மற்றதைச் சும்மா விட்டிருந்தார். "ஒரு வயர்தானே இருந்துச்சு" என்றார். கரண்ட் வாசல்வரை வந்து, போக வழியில்லாமல் நின்றிருக்கிறது. பாஸ் இரண்டாவது முனையிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ ஒன்றில் கட்டினார். அப்போதும் அடிக்கவில்லை. நடுவில் இருக்கும் அலுமினியத் துண்டு, அதை 'பொஸ்' என்கிறார்கள், முழுக்கக் கறுப்புப் பெயின்ட். பெயின்ட் கரண்டை விடாது. பாஸ் கத்தியால் ஒரு நகத்தளவு சுரண்டினார். பிறகு அடித்தது.

ஸ்டியரிங் மாற்றிய வேறு கார்களில் இதற்கு எதிரான வியாதியும் வருமாம். நட்டை இறுக்கியதும் ஹோர்ன் நிற்காமல் அலறும், அல்லது வலப்பக்கம் திருப்பினால் மட்டும் அடிக்கும். பித்தளை வளையம் சாய்ந்து எங்கோ தொடுகிறது, அல்லது ஸ்பிரிங் முனை வளையத்தைச் சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம். சில பழைய கார்களில் ஸ்டியரிங் தண்டின் நடுவில் ரப்பர் இணைப்பு இருக்கும். அதைத் தாண்டி எர்த் போக ஒரு சின்ன வயர் உண்டு, அது அறுந்தாலும் ஹோர்ன் ஊமை.

ஆனால் எயார்பேக் உள்ள காரில் இந்த வேலையில் வீட்டில் கை வைக்காதீர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் பெரிய ஜெர்மன் கார்களில் வந்த எயார்பேக், பிறகு எல்லாக் கார்களுக்கும் வந்துவிட்டது. ஹோர்ன் பட்டனுக்குக் கீழேயே வெடிக்கிற பொருள் இருக்கிறது. பித்தளை வளையத்துக்குப் பதிலாகச் சுருட்டி வைத்த ரிப்பன் வயர், 'க்ளொக் ஸ்பிரிங்' என்பார்கள். பற்றரியைக் கழற்றி, சொன்ன நேரம் காத்திருந்து, அந்தச் சுருளைச் சரியான நடுவில் வைத்துப் பூட்டவேண்டும். நடு தவறினால் ஒரு முழுத் திருப்பத்தில் ரிப்பன் அறும். அறுந்தால் ஹோர்னும் போகும், டாஷ்போர்டில் எயார்பேக் லைட்டும் எரியும். இரண்டும் சேர்ந்து வந்தால் பிழை எங்கே என்று தேடவே தேவையில்லை.

சத்தத்தை அடக்குகிற முயற்சிகளும் பழையவைதான். 1934 இல் லண்டனில் இரவு பதினொன்றரையிலிருந்து காலை ஏழு வரை ஹோர்ன் அடிக்கத் தடை போட்டார்கள். 1968 இன் வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை, விபத்தைத் தவிர்க்கவும், ஊருக்கு வெளியே முந்திப்போவதை அறிவிக்கவும் மட்டும்தான் ஹோர்ன் என்கிறது. எங்கள் நாட்டில் 1958 ஜனவரி 1 இல் பஸ்கள் அரசுடைமையாகின. 1979 இல் தனியார் பஸ் மறுபடி வந்தது. ஒரே வீதியில் ஒரே பயணிக்கு இரண்டு மூன்று பஸ் போட்டியிடும்போது ஹோர்ன் எச்சரிக்கையாக மட்டும் இருக்காது. 'நான் வந்துட்டேன்' என்று ஹோல்ட்டில் நிற்பவர்களுக்கும், 'தள்ளு' என்று முன்னால் போகிற பஸ்ஸுக்கும் அதே ஹோர்ன்தான். 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருக்கும் மேலதிக ஹோர்ன், லைட் எல்லாவற்றையும் பொலிஸார் கழற்றத் தொடங்கினார்கள். பஸ்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். தினமும் பேராதனைக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவள் என்ற முறையில் எனக்கு அந்தக் கழற்றல் சந்தோஷம்தான். ஆனால் சத்தம் குறைந்த வீதியில் விறகுக் கட்டுப் பெரியவருக்கு என்ன கிடைத்தது? அவர் நடந்த வளைவில் நடைபாதை இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஹோர்ன்தான் நடைபாதை. அது அடிக்கும்போது மட்டும் அவருக்கு ஒரு ஓரம் கிடைக்கிறது, அதுவும் கானுக்குள்ளே. இருநூறு வருஷத்துக்கு முன் கூலியில்லாமல் வெட்டிய வீதி எத்தனை தடவை அகலித்தாயிற்று. அகலித்த இடமெல்லாம் வண்டிக்கே போனது.

பாஸ் காசு அதிகம் எடுக்கவில்லை. "ஒரு துண்டு வயருக்கு என்ன காசு" என்று சிங்களத்தில் சொல்லி, மாமாவை இன்னும் ஒருமுறை பார்த்துச் சிரித்தார்.

அன்று பின்னேரம் மறுபடி மாவனெல்லைக்கு இறங்கினோம். நேற்றைய வளைவு வர முன்னமே மாமா கால் எடுத்து வேகத்தைக் குறைத்தார், ஒருமுறை சின்னதாக அடித்தார். அதே பெரியவர் இல்லை. ஸ்கூல் விட்டு வரும் இரண்டு பிள்ளைகள், வெள்ளை உடுப்பு. சத்தம் கேட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டும் கானுக்குள் இறங்கி, பாறையோடு ஒட்டி நின்றன. நாங்கள் தாண்டிப்போனோம். கண்ணாடியில் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு லொறி வந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் இன்னும் மேலே ஏறவில்லை.